உதடு ஒட்டாத தாலாட்டு

என் பிரிவு உபசாரத்தன்று, கேக் வெட்டி முடித்து எல்லோரும் சமோசாத் தட்டை நோக்கிப் போன பிறகு, தமிழ்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ரம்யா என்னை ஓரமாக நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாள். "மேடம், ரைம் செட்டாகலேன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? கம்ப்யூட்டர்ல எல்லாம் போட்டு வெச்சிருக்கேன். 'லை'ன்னு முடியற வார்த்தை, 'னம்'னு முடியற வார்த்தை, எது கேட்டாலும் வந்துடும். ஆனாலும் பாட்டுல உசிரே இல்லைன்றாங்க."

கையில் சமோசாவை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. "செட்டாகலேன்னா செட்டாகாததையே போடு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கிழவி போகிற போக்கில் கிண்டல் செய்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்திருப்பாள். கிண்டல் இல்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்டதே அவ்வளவுதான். ஆனால் அதை விளக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் சரோஜா அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

விளம்பரப் பாட்டு எழுதுவது என் வேலை. சோப்பு, ஷாம்பு, கொசுவத்தி, ரப்பர் செருப்பு, பிஸ்கட். கல்கத்தாவில் இருந்த ஒரு விளம்பரக் கம்பெனியில் மொழிப் பிரிவு என்று ஒன்று உண்டு. வங்காளத்திலோ இந்தியிலோ மெட்டும் பாட்டும் முதலில் தயாராகும். பிறகு அதே மெட்டுக்குத் தமிழ், தெலுங்கு, ஒரியா என்று ஆளுக்கொரு மொழியில் எழுதுவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவருக்குக் கல்கத்தா துறைமுகத்துக்கு மாற்றலாகி நாங்கள் அங்கே டாக்குரியாவில் குடியேறினோம். அதற்கு முன் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் டீச்சர். யாப்பிலக்கணம் எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்கிற திமிரோடுதான் இந்த வேலைக்கு வந்தேன். அந்தத் திமிரை முதல் வாரமே இறக்கி வைத்தவர் நிர்மல்-தா.

நிர்மல்-தா எங்கள் இசைப் பிரிவின் தலைவர். 'தா' என்றால் அங்கே அண்ணன். ஒல்லியான உடம்பு, கசங்காத பஞ்சாபி ஜிப்பா, எப்போதும் சற்றுத் தள்ளியே உட்காரும் சுபாவம். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் தமிழ்ப் பாட்டுக்கு அவர் தலையாட்டினால்தான் ஒலிப்பதிவு. அவர் கேட்கும் விதமே தனி. நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். நான் பக்கத்து அறைக்குப் போய் இன்டர்காமில் வரிகளைச் சொல்ல வேண்டும். "ரேடியோவில் கேட்கிறவனுக்கு உன் முகம் தெரியாது. எழுத்தும் தெரியாது. எனக்கும் தெரிய வேண்டாம்" என்பார். அவர் பேசுவது வங்காளமும் இங்கிலீஷும் கலந்த பேச்சு. இங்கே அதை என் தமிழில் தருகிறேன்.

என் முதல் பாட்டு ஒரு கூந்தல் தைலத்துக்கு. தத்தகாரம் போட்டுப் பார்த்து, அளவு பிசகாமல் எழுதி, இன்டர்காமில் கம்பீரமாக வாசித்தேன்.

கட்டிப் போட்ட கூந்தலிலே
எட்டிப் பார்க்கும் மல்லிகைப்பூ

அந்தப் பக்கம் மெட்டை ஒரு தடவை முணுமுணுத்தார். பிறகு, "மில் கோத்தாய், திதிமணி?" என்றார். மில் என்றால் ஓசைப் பொருத்தம். அது எங்கே என்று கேட்கிறார். திதிமணி என்பது அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூட டீச்சரைக் கூப்பிடும் பேர். என் பழைய வேலை தெரிந்த நாளிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

"கட்டி, எட்டி. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்திருக்கிறது. தமிழில் எதுகை வரியின் தலையில்தான் வரும்" என்று பாடமே நடத்தினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆர்மோனியத்தை எடுத்து அந்த மெட்டை வாசித்தார். 'கட்டி' இருந்த இடத்தைச் சுரங்கள் ஒரே தாவலில் கடந்துவிட்டன. வரியின் கடைசியில் போய்த்தான் மெட்டு நின்றது, நீண்டது, குழைந்தது. "நீ எண்ணெயை உச்சந்தலையில் வைத்திருக்கிறாய். என் மெட்டு பின்னலின் நுனியில் வந்துதான் உட்காருகிறது. அங்கே ஒரு சொட்டு வை" என்றார்.

சரி, நுனியில் வைத்தால் போயிற்று என்று அடுத்த முறை சிரிக்கும், பறக்கும், மணக்கும் என்று வரிக்கு வரி அடுக்கிக்கொண்டு போனேன். தமிழில் அதற்குப் பஞ்சமா? வினைச்சொல்லின் வாலைப் பிடித்தால் நாள் முழுக்க இயைபு போடலாம். சுவரைப் பார்த்தபடியே நிர்மல்-தா சொன்னார்: "ஒரே ஆள் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிற மாதிரி இருக்கிறது."

அழுகை வந்துவிட்டது. வீம்புக்கு, எதுகையைப் பற்றிக் கவலையே படாமல் ஒரு வரியை 'மழை' என்றும் அடுத்ததைத் 'தலை' என்றும் முடித்து வாசித்தேன். நாற்காலி திரும்பும் சத்தம் இன்டர்காமிலேயே கேட்டது. "இது. இதுதான்."

"இதில் மில் கிடையாது நிர்மல்-தா. அது வேற ழகரம், இது வேற லகரம்."

"அது உனக்கு. என் காதுக்கு இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கின்றன. ஒட்டிக்கொள்ளவில்லை. அதனால் அடுத்து என்ன வரும் என்று கேட்கத் தோன்றுகிறது."

இன எதுகை என்று இதற்கு இலக்கணத்தில் பேரே இருக்கிறது. அதே எழுத்து வராமல் அதன் இனத்தைச் சேர்ந்த எழுத்து வந்தால் போதும் என்று விதி. பிள்ளைகளுக்கு இரண்டு மார்க் கேள்வியாக நடத்தியிருக்கிறேன். நடத்தும்போதெல்லாம் அது என்னவோ நல்ல எதுகை கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கிற சலுகை என்றே நினைத்திருந்தேன். நிர்மல்-தாவின் காதுக்கு எழுதப் பழகிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. அச்சு அசலாக ஒட்டும் எதுகை இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. முதல் தடவை அதிசயம், அப்புறம் பழகிவிடும். கிட்டத்தட்ட ஒட்டும் எதுகை அக்கா தங்கை மாதிரி. ஜாடை இருக்கும், ஆனால் இது வேறு ஆள் என்றும் தெரியும். எங்கள் பிரிவில் நான் அதற்கு 'ஜாடை' என்றே பேர் வைத்துவிட்டேன். "காலம் – வானம், ஜாடை சரியா இருக்கா?" என்று கேட்டால் தெலுங்குக்காரருக்குக்கூடப் புரியும்.

இனி சரோஜா அக்கா. கல்கத்தாவில் நாங்கள் செய்த தமிழ் விளம்பரங்களில் பாதிக்கு மேல் அவள் குரல்தான். திருச்சிக்காரி. கணவர் ராகவன் சார் ரயில்வேயில் கிளார்க். ஹவுரா ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் குடியிருந்தார்கள். தமிழ்நாட்டில் அவள் முகம் ஒருவருக்கும் தெரியாது, குரல் மட்டும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. பாடுவது தேன். பேசுவது சுக்குக் கஷாயம். "டீச்சர், இந்த வரியில மூச்சு எங்க விடறது? நீங்க பாட்டுக்கு எழுதிட்டுப் போயிடுவீங்க, மைக் முன்னாடி மூச்சு முட்டிச் சாகப்போறது நானு" என்று எல்லார் முன்னாலும் சொல்வாள். அடுத்த நிமிஷம் அவள் கொண்டுவந்த புளியோதரையில் எனக்குத்தான் முதல் பங்கு.

அவளுக்கு ஒரே பெண், பாமா. ஹவுராவிலேயே பிறந்து வளர்ந்தவள். கோயமுத்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அக்காவுக்கு அவளை அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லை. அம்மாவும் பெண்ணும் ஒரு மாதம் சண்டை. கடைசியில் பெண்தான் ஜெயித்தாள். ரயிலேறும் வரைக்கும் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாளாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் பாமா கீழ்வீட்டு பௌதியின் டெலிபோனுக்குக் கூப்பிடுவாள். பௌதி என்றால் அண்ணி. அந்த வீட்டு வங்காளி அம்மாவை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் மாடிப்படியில் நின்று குரல் கொடுத்ததும் அக்கா மற்ற வேலையையெல்லாம் போட்டுவிட்டு ஓடுவாள். சண்டையெல்லாம் அந்த டெலிபோனில் மெதுவாகக் கரைந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் மழைக்காலம் முடிகிற நேரம், குழந்தைகளுக்கான பவுடர் ஒன்றுக்குத் தாலாட்டு வேண்டுமென்று வேலை வந்தது. நிர்மல்-தாவின் மெட்டைக் கேட்டால் பெரியவர்களுக்கே கண் சொருகும். குரல் சரோஜா அக்காதான் என்று யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது. அம்மா, மடி, முத்தம், பூ, பால் எல்லாம் போட்டுப் பாட்டை எழுதி முடித்தேன். ஒத்திகைக்கு அக்கா வரவில்லை. ஆள் அனுப்பினால் உடம்பு சரியில்லை என்று பதில். ஞாயிற்றுக்கிழமை நானே படகில் ஆற்றைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன்.

சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்தாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் தலைப்பை எடுத்தாள். முகத்தின் இடது பாதி இறங்கிப்போயிருந்தது. இடது கண் மூடவில்லை. உதட்டின் ஒரு ஓரம் தொங்கிக்கொண்டிருந்தது. முகவாதம். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துவிட்டுக் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு பக்கமாகவே ஒழுகியதாம். நாளாக நாளாகச் சரியாகிவிடும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குரலுக்கு ஒன்றுமில்லை. உதடு இரண்டும் சேரத்தான் மறுத்தன.

என் கையிலிருந்த பாட்டை வாங்கி, வேண்டுமென்றே முதல் சொல்லைப் படித்துக் காட்டினாள். 'அம்மா' என்ற சொல் நடுவில் ஓட்டை விழுந்து வெறும் காற்றாக வந்தது. தாளை என்னிடமே நீட்டினாள்.

"என்னால ஆகாது டீச்சர். சென்னையிலேருந்து யாரையாச்சு கூட்டிக்கங்க."

நான் தாளை வாங்கிக்கொண்டபோது கீழேயிருந்து பௌதியின் குரல் வந்தது. பாமாவின் ஃபோன். அக்கா அசையவில்லை. ராகவன் சார் அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் இறங்கிப் போய்ச் சற்று நேரத்தில் திரும்பி வந்தார்.

"கோயிலுக்குப் போயிருக்கான்னு சொன்னேன். போன வாரம் குளிக்கிறான்னேன். அடுத்த வாரம் என்னத்தச் சொல்ல?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மிகச் சாதுவான மனிதர். அவர் குரலில் அன்றைக்குத்தான் கோபம் பார்த்தேன். "'அம்மா இன்னும் எம்மேல கோவமா இருக்காளாப்பா'ன்னு கேட்டு அழுவுறா. படிப்பை விட்டுட்டு வந்துடறேங்கறா. இவ என்னடான்னா சொல்லக் கூடாதுங்கறா."

"டெஸ்டு நெருங்குற நேரத்துல இது தெரிஞ்சா எல்லாத்தையு" என்று தொடங்கிய அக்கா, கடைசி எழுத்து வராமல் நிறுத்தினாள். பெண்ணிடம் பேசத்தான் அவளுக்கு உயிர் துடித்தது. ஆனால் பேசினால் முதலில் வர வேண்டிய சொல் பாமா. பா, மா. இரண்டுமே உதடு ஒட்டினால்தான் உண்டு.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. உதடு ஒட்டாமல் செய்யுள் எழுதிக்காட்டும் ஒரு விளையாட்டு தமிழில் பழைய காலத்திலிருந்தே உண்டு. இதழகல் என்பார்கள். புலவர்கள் தங்கள் சாமர்த்தியத்தைக் காட்ட எழுதியது. கல்லூரியில் படிக்கும்போது இந்த வெட்டி வேலையால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று நான் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு இரவுச் சமையலைக் கணவரிடம் தள்ளிவிட்டு அந்த வெட்டி வேலையில் உட்கார்ந்தேன்.

பகரம், மகரம், வகரம் மூன்றும் கூடாது. உதட்டைக் குவிக்கும் எழுத்தையும் முடிந்தவரை தவிர்க்க வேண்டும். சொல்லின் கடைசியில் வரும் உகரம் மட்டும் பரவாயில்லை, அதற்கு உதடு குவியாது. எழுத உட்கார்ந்தால்தான் தெரிகிறது, தமிழில் பிரியமான சொல்லெல்லாம் உதட்டில்தான் குடியிருக்கிறது. அம்மா போயிற்று, அப்பா போயிற்று. முத்தம், மடி, பால், பூ எல்லாம் போயிற்று. தங்கம், செல்லம் என்று கொஞ்சலாமென்றால் கடைசியில் வாய் மூட வேண்டும். வருவாய், பார்ப்பேன், தூங்கும் என்று நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லவும் வழியில்லை. இருப்பதை வைத்துத்தான் எழுத வேண்டும்.

'கண் அயர்' என்று ஒரு வரி முடிந்தது. அயர் என்பதற்குச் சுத்தமான எதுகை என்ன இருக்கிறது? பெயர், உதடு ஒட்டும். துயர், தூங்குகிற குழந்தையிடம் சொல்கிற சொல்லா அது? அங்கேதான் ஜாடை கை கொடுத்தது. தயிர். முழுசாக ஒட்டாது, ஆனால் ஒரே வீட்டுச் சாயல். 'தாலாட்டு' என்பதற்குச் சீராட்டு, நீராட்டு என்று சரியான ஜோடியே கிடைத்தது. ஆனால் மெட்டின் கடைசிச் சுரம் இறங்கி அடங்குகிற சுரம். இரண்டாம் தடவையும் அங்கே 'ட்டு' வந்து விழுந்தால் கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. 'காற்று' என்று வைத்தேன். அது உருண்டு அடங்கியது. வரிகள் இப்படி நின்றன:

சின்னச் சிட்டே கண் அயர்
தென்னங் கீற்றில் நிலாத் தயிர்
அன்னை கையில் தாலாட்டு
ஆற்றங் கரையில் இளங்காற்று

அக்காவிடம் காட்டியபோது முதலில் வாய்க்குள் முணுமுணுத்தாள். அடுத்த வரி, அதற்கடுத்த வரி. நாலாவது வரி முடிந்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு முழுக்க ராகம் போட்டுப் பாடினாள். எங்கேயும் காற்று ஒழுகவில்லை. வலது பக்க முகம் மட்டும் சிரித்தது. 

பவானிபூரில் ஒரு சந்துக்குள் இருந்தது ஒலிப்பதிவுக் கூடம். நிர்மல்-தாவிடம் விஷயத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தேன். மற்ற பாடகர்களையும் கம்பெனி ஆட்களையும் தேநீர் குடித்து வரும்படி வெளியே அனுப்பினார். பாடுகிற அறையில் தாள் வைக்கும் சட்டத்தின் மேல் இருந்த சின்ன விளக்கைத் தவிர எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். பிறகு எப்போதும்போல நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைத் தவிரத் தன்னைப் பார்க்க யாருமில்லை என்று தெரிந்ததும் அக்கா தலைப்பைத் தோளில் இறக்கினாள். இரண்டாவது தடவையிலேயே பாட்டு அமைந்துவிட்டது. பவுடர் கம்பெனியின் பேரில் பகரம் இருந்ததால் அதை மட்டும் இரண்டு வங்காளிப் பையன்கள் பிறகு தனியாகப் பாடினார்கள்.

நிர்மல்-தா திரும்பாமலே, "அந்த இரண்டாவது வரிக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். தென்னை ஓலையில் நிலா தயிர் மாதிரி உறைந்திருக்கிறது என்றேன். இனிப்புத் தயிருக்கு உயிரை விடுகிற ஊர் அது. "நிலாவில் தயிரா? திதிமணி, நீ இனிமேல் ஊருக்குப் போக முடியாது. வங்காளியாகிவிட்டாய்" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா சிரித்தது எங்களுக்கு ஸ்பீக்கரில் கேட்டது.

அவளை ஹவுராவில் விடப் போகும்போது டாக்ஸியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், இன்னொன்னு எழுதித் தாங்க."

"இன்னொரு பாட்டாக்கா?"

"ஞாயிறு அன்னைக்கு அழைச்சா நான் என்ன சொல்ல? அதையு இதே சீருல எழுதித் தாங்க."

என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அதைவிடக் கஷ்டப்பட்டு எதையும் எழுதியதில்லை. இருவரும் அவள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு அம்மா பெண்ணிடம் டெலிபோனில் என்னென்ன பேசுவாள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பாமா என்பதற்குப் பதில் சிட்டு. சாப்பிட்டியா என்று கேட்க முடியாது, தின்னியா. படிக்கிறியா கூடாது, காலையில எழுந்துக்கிறியா. முக்கியமானது, கோபமில்லை என்று சொல்லியாக வேண்டும். அதில் முதல் மூன்று எழுத்தும் உதடு கேட்டது. சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் 'உன்னால எனக்குச் சந்தோஷந்தான்' என்று கண்டுபிடித்தோம். சந்தோஷம் தனியாக நின்றால் வாயை மூட வேண்டும். 'தான்' கூட வந்தால் வேண்டியதில்லை. நான் பாமாவாக நடித்தேன், அவள் பேசிப் பழகினாள்.

ராகவன் சார் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தின்னியான்னு இவ எந்தக் காலத்துல கேட்டிருக்கா? அந்த வார்த்தையைச் சொன்னதுக்கு பாமாவை அடிச்சே இருக்கா" என்றார். அக்கா அவரை முறைத்தாள். பாதி முகத்தால் முறைத்தாலும் அக்கா முறைத்தால் முறைத்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை பௌதி வீட்டில் மீன் வறுபடும் வாசனைக்கு நடுவில் டெலிபோன் மேசையைச் சுற்றி நின்றோம். விஷயம் தெரிந்து பௌதி டி.வி.யை அணைத்துவிட்டார். மணி அடித்ததும் அக்காவே எடுத்தாள்.

"சிட்டு, நான்தான்டி."

அந்தப் பக்கம் 'அம்மா' என்று ஒரே ஒரு சொல். பிறகு அழுகை. எனக்கே கேட்டது. அக்கா கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். தின்னியா, காலையில எழுந்துக்கிறியா, தலைக்கு எண்ணெய் தேய்க்கிறியா. பதில்கள் வந்தன. 'உன்னால எனக்குச் சந்தோஷந்தான்டி' என்பதை நாங்கள் பழகியதைவிட நன்றாகச் சொன்னாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன்.

"அப்ப எம்பேரைச் சொல்லும்மா" என்றது டெலிபோன். "யாரோ மாதிரி சிட்டுங்கற. கோவம் போயிருந்தா பாமான்னு கூப்பிடு."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன். அயருக்குத் தயிரைக் கொண்டுவந்த டீச்சர் இதற்கும் ஏதாவது வைத்திருப்பாள் என்று பார்த்தாள்.  எல்லாச் சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு சொல்லைத் தேடலாம். பெற்ற பெண்ணின் பேருக்குப் பக்கத்தில் எதை வைப்பது? அவள் முயற்சி செய்தாள். உதட்டைக் கூட்டிப் பார்த்தாள். வெறும் காற்று வந்தது. ரிசீவரைக் கணவரின் கையில் திணித்துவிட்டு மாடிப்படி ஏறிவிட்டாள். லைன் சரியில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அலுவலகத்தில் தாலாட்டை எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கண்ணாடி முன் உட்கார்ந்து கன்னத்தில் காற்றை நிரப்பும் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். காற்று இடது ஓரமாக ஒழுகியது. மறுபடி நிரப்பினாள். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு பௌதியாக இருக்கும் என்று நான்தான் திறந்தேன்.

பாமா நின்றாள். இரண்டு ராத்திரி ரயிலில் வந்த தூசு முகம், தோளில் பை. என்னை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அக்கா அவசரமாகத் தலைப்பை இழுத்து முகத்தை மூடினாள். பாமா பையைத் தரையில் போட்டாள். அம்மாவின் எதிரில் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து தலைப்பை மெல்ல விலக்கினாள்.

"கீ ஹொயேச்சே?" என்ன ஆயிற்று என்ற கேள்வி ஹவுராவில் வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு வங்காளத்தில்தான் முதலில் வந்தது.

அக்கா என்னை நோக்கிக் கையைக் காட்டினாள். நான்தான் நடந்ததைச் சொன்னேன். முகவாதம், உதடு சேராதது, டெலிபோனுக்காக நாங்கள் எழுதிப் பழகியது எல்லாவற்றையும். பாமா கேட்டுக்கொண்டே அம்மாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

"நான் அங்க ஒவ்வொரு வாரமும் என்ன நெனச்சேன் தெரியுமா? இதுக்காம்மா? இதுக்கா என்கிட்ட மறைச்சே?"

"டெஸ்டு" என்றாள் அக்கா.

"டெஸ்டுக்கு இன்னும் நாளிருக்கு."

பிறகு பாமா தன் வலது கையை நீட்டினாள். தொங்கியிருந்த உதட்டோரத்தைக் கட்டைவிரலால் தூக்கி, ஆள்காட்டி விரலால் கீழுதட்டை மேலே தள்ளி, இரண்டையும் பொருத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லு."

அதற்கு மேல் அங்கே நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தேநீர் போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போனேன். பாத்திரத்தை எடுத்தேன், தண்ணீர் பிடிக்கவில்லை. முதலில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு ஒரு முனகல். அப்புறம் அந்தப் பேர் வந்தது. "பாமா."

"கேக்கலைம்மா" என்றாள் பாமா. "இன்னொரு தடவை சொல்லு."

அடுப்படியில் நின்றிருந்த எனக்கே அது தெளிவாகக் கேட்டிருந்தது.